வாய் தவறி வந்த தீதி

என் தம்பி ஜெய்ராமைப் பற்றி யாராவது எழுதுவதென்றால் அது நானாகத்தான் இருக்க வேண்டும். அவனே எழுத மாட்டான். அவனுக்கு மற்றவர்களைப் பற்றித்தான் பேசத் தெரியும். டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில் செருப்புத் தைக்கிறவரின் இரண்டாவது பெண் என்ன படிக்கிறாள், எங்கள் காலனி வாட்ச்மேனுக்கு எந்தப் பல்லில் வலி, லேக் மார்க்கெட்டில் வாழையிலை விற்கிற அம்மாளின் மருமகன் எதற்குக் கோபித்துக்கொண்டு போனான் என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் போதும் என்று கும்பிடும்வரை சொல்வான்.

அவனுக்கு வயது நாற்பத்தாறு. கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்த ஃப்ளாட்டிலேயே தனியாக இருக்கிறான். கல்யாணம் ஆகவில்லை. நான் நாகலக்ஷ்மி, அவனைவிட ஆறு வயது பெரியவள். டாலிகஞ்சில் இருக்கிறேன். என் கணவர் மஹாதேவன் பாங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். காலையில் பேப்பரைப் பிரித்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் மடிப்பார், நடுவில் மூச்சு விடுவது மட்டும் கேட்கும். எங்கள் குடும்பத்தில் பேச்சை யாரும் சரியாகப் பங்கு போடவில்லை.

ஜெய்ராமுக்கு லிஃப்ட் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் சூப்பர்வைசர் வேலை. நியூ டவுனில் முப்பது மாடி, முப்பத்திரண்டு மாடி என்று எழும்பி நிற்கிற கட்டடங்களில் லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பான். அங்கே லிஃப்டில் ஏறுகிறவர்கள் சாமானியமாக ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. மொபைலைப் பார்ப்பார்கள், அது இல்லையென்றால் மாடி எண் மாறுவதைப் பரீட்சை ரிசல்ட் மாதிரிப் பார்ப்பார்கள். இவனால் அது தாங்காது. நான்காவது மாடியில் "என்ன தாதா, முகம் வாடியிருக்கு?" என்று ஆரம்பித்தால் பதினாலாவது மாடியில் அவருடைய சர்க்கரை அளவு தெரிந்துவிடும். ஒரு வருமான வரி அதிகாரி, இருபத்தாறாவது மாடியில் இறங்க வேண்டியவர், தன் மாமனார் கதையை முடிப்பதற்காக இவனோடு மூன்று முறை மேலும் கீழும் போய் வந்தாராம்.

போன வருஷம் எனக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் நடந்தது. துணைக்கு வந்தவன் இவன்தான். நான் கண்ணைத் திறந்தபோது வார்டில் ஒருத்தரும் எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. ஆயா, நர்ஸ், பக்கத்துப் படுக்கைக்காரியின் நாத்தனார் எல்லோரும், "ஓ, ஜெய்ராம்-தாவோட அக்காவா நீங்க?" என்றார்கள். வயிற்றைக் கிழித்துக்கொண்டு கிடப்பது நான், பேர் வாங்குவது அவன்.

வருஷா வருஷம் பொங்கலுக்கு மறுநாள் இவன் நன்றாக இருக்க வேண்டும் என்று மொட்டை மாடியில் காக்கைக்குக் கனுப்பிடி வைக்கிறேன். காக்கை சாப்பிட்டுவிட்டுச் சும்மா போகாமல் தன் வாயை இவனுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு வித்தை இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். கல்கத்தாவில் முன்பின் தெரியாதவரை உறவுமுறை வைக்காமல் கூப்பிட முடியாது. ஆணென்றால் தாதா, அதாவது அண்ணா; கொஞ்சம் பெரியவரென்றால் காக்கு, சித்தப்பா; இன்னும் பெரியவரென்றால் ஜேட்டு, பெரியப்பா. பெண்ணென்றால்தான் கண்டம். தீதி என்றால் அக்கா, பௌதி என்றால் அண்ணி, மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா மாதிரி. பேரோடு ஒட்டினால் தாதா சுருங்கி தா ஆகும், தீதி தி ஆகும். நாற்பத்தைந்து வயதுக்காரியை மாஷிமா என்று கூப்பிட்டுப் பாருங்கள், ஜன்மத்துக்கும் உங்களுக்கு வழி விட மாட்டாள். கல்யாணம் ஆகாதவளைப் பௌதி என்றாலும் அதே கதி. ஜெய்ராம் அரை விநாடியில் ஆளை அளந்து சரியான முறையைச் சொல்லிவிடுவான். அதற்கு அவன் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் தீதி. தீதி என்றால் எந்தப் பெண்ணுக்கும் கோபம் வராது, எந்தப் புருஷனும் முறைக்க மாட்டான்.

அந்தச் சட்டம்தான் அவன் காலை வாரிவிட்டது.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தான். வந்து உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"என்னடா, உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லக்கா."

"யாராவது போயிட்டாளா?"

"இல்லக்கா. ஸ்மிதாதின்னு ஒருத்தி..."

"எதைத் தின்னா?" என்று பேப்பருக்குப் பின்னால் இருந்து இவர் கேட்டார். மாசத்துக்கு ஒரு தடவை வாயைத் திறப்பார், அதையும் இப்படி வீணாக்குவார்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கியதில் விஷயம் வந்தது. ஜெய்ராம் தினமும் காலையில் ராஷ்பிஹாரி நாற்சந்தியில் ஷேர் ஆட்டோ பிடித்து டாலிகஞ்சில் இருக்கிற ஆபீசுக்கு வருவான். பின்னால் மூன்று பேர், டிரைவர் பக்கத்தில் ஒருவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் பின் சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பழக்க தோஷத்தில், "தீதி, கொஞ்சம் தள்ளி உட்காருங்க, முழங்கை நனையறது" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான், அன்றிலிருந்து அவள் ஸ்மிதா-தி, இவன் ஜெய்ராம்-தா.

ஸ்மிதா டாலிகஞ்ச் ஸ்டூடியோ ஒன்றில் சீரியல்களுக்கு உடுப்பு பார்க்கிறவள். எந்த மாமியார் எந்தப் புடவையில் சதி செய்ய வேண்டும் என்பது அவள் தீர்மானம். வயது நாற்பத்து மூன்று. இருபத்தேழில் கல்யாணம் ஆகி, முப்பதில் அது முடிந்துபோய், அம்மாவோடு இருக்கிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி. தம்பி ரஞ்சன் புனேயில் வேலை பார்க்கிறான். முன்னாள் கணவர் பெயர், அவர் குறட்டையின் விதம், வீட்டுக் குழாயில் எந்த நாள் எத்தனை மணிக்குத் தண்ணீர் நின்றுபோகும், எல்லாம் என் தம்பிக்குத் தெரியும்.

"சரி, இதுல உனக்கு என்னடா?" என்றேன்.

"அவளோட பேசிண்டே இருக்கணும் போல இருக்குக்கா."

"நீ தூணோடயும் பேசிண்டே இருப்பே. இதுல என்ன விசேஷம்?"

அவன் தரையைப் பார்த்தான். "அவகிட்ட மட்டும், பேசறதுக்கு முன்னாடி என்ன பேசலாம்னு யோசிக்கறேன்க்கா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெய்ராம் யோசித்துவிட்டுப் பேசினான் என்பது எங்கள் வம்சத்தில் இதுவரை கேள்விப்படாத செய்தி.

மீன் சாப்பிடுகிறவளாயிற்றே என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. என் தம்பி பதினெட்டு வயதிலிருந்து எனக்குத் தெரியாமல் முட்டை ரோல் தின்றுகொண்டிருப்பது எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். அம்மா இருந்தவரை ஒன்பது இடத்தில் பெண் பார்த்தோம். போன இடத்திலெல்லாம் பெண்ணின் அப்பாவோடு மூட்டு வலி, பென்ஷன், மாடித் தோட்டம் என்று இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் பெண்ணை ஏறெடுத்தும் பார்க்காமல் வருவான். அந்த அப்பாக்கள் இன்னும் இவனுக்கு ஃபோன் செய்கிறார்கள், பெண்களெல்லாம் எப்போதோ கல்யாணமாகிப் போய்விட்டார்கள். அதனால் நான் குறுக்கே நிற்கிற கட்சி இல்லை. என் கோபமெல்லாம் அந்த 'தி' மேல்தான்.

"ஏண்டா, உன்னைவிட மூணு வயசு சின்னவளைப் போய் அக்கான்னு கூப்பிடுவியா?"

"மரியாதைக்குச் சொன்னேன்க்கா."

இந்த ஊரில் தா என்று கூப்பிட்டவனையே கட்டிக்கொண்ட பெண்கள் லட்சம் பேர் இருப்பார்கள். எங்கள் மாடியிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். கல்லூரியில் சீனியர் தாதா, பிறகு புருஷன், யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் தி என்று கூப்பிட்டவளைக் கட்டிக்கொண்ட ஆணை நான் இதுவரை பார்த்ததில்லை. பெண் சொன்னால் அது வெறும் வால், ஆண் சொன்னால் அது வேலி. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

"நாளைக்கே அந்தத் தியைக் கழட்டு" என்று அனுப்பினேன். திங்கட்கிழமை கழட்டப் போனான். "ஸ்மிதா" வரைக்கும் வந்ததாம், அதற்குள் ஆட்டோ பள்ளத்தில் விழுந்து, அந்த அதிர்ச்சியில் "தி"யும் வந்துவிட்டதாம். செவ்வாய்க்கிழமை பெயரே சொல்லாமல் "பாருங்க, பாருங்க" என்று ஒப்பேற்றினான். அவள் ஆட்டோவுக்கு வெளியே எதைப் பார்ப்பது என்று தேடியிருக்கிறாள்.

துர்கா பூஜை லீவெல்லாம் முடிந்த பிறகு மூளையைக் கசக்கி ஒரு திட்டம் போட்டான். உறவுமுறை என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அவளுக்குப் பூடகமாகப் புரியவைப்பதாம். ஆட்டோ கிளம்பியதும் ஆரம்பித்திருக்கிறான்.

"ஸ்மிதா-தி, உங்களுக்குத் தெரியுமா, எங்க தமிழ்நாட்டுப் பக்கம் மாமா பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கலாம்."

ஆட்டோவே ஒரு நிமிஷம் நின்றுவிட்டது போல இருந்ததாம். வங்காளிகளுக்கு மாமா பெண் என்றால் உடன்பிறந்த தங்கைதான். மூன்றாவது சீட்டில் இருந்த காக்கு, "சீ சீ! தங்கச்சியையா?" என்றார். டிரைவர் திரும்பிப் பார்த்து, "நிஜமாவா தாதா? போலீஸ் பிடிக்காதா?" என்றான். ஜெய்ராம் அத்தை பெண், மாமா பெண், முறைப்பெண், முறைமாமன் என்று விளக்க விளக்கக் கேஸ் இன்னும் மோசமாகிப்போனது. சித்தி பெண்ணைக் கட்டக் கூடாது, அது தப்பு என்று இவன் நியாயம் சொன்னபோது, அதற்காவது கூச்சம் இருக்கிறதே என்று காக்கு கும்பிட்டாராம்.

ஸ்மிதா விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். "நல்லவேளை ஜெய்ராம்-தா, நீங்க என்னைத் தீதின்னு கூப்பிட்டீங்க. மாமா பொண்ணுன்னு கூப்பிட்டிருந்தா என் கதி என்ன ஆகியிருக்கும்!"

அதோடு விட்டாளா? கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாளாம்: "அட, இப்பதான் ஞாபகம் வருது. ரஞ்சனுக்குப் புது வேலை, இந்த வருஷம் வர முடியாது. அம்மா ரெண்டு நாளா அழறா. நீங்க வந்துடுங்க, நான் உங்களுக்கு ஃபோட்டா வைக்கறேன். உங்க சொந்த தீதியையும் கூட்டிட்டு வாங்க."

பாய் ஃபோட்டா என்பது காளி பூஜை முடிந்து இரண்டாம் நாள் வருகிற பண்டிகை. சகோதரனை ஆசனத்தில் உட்காரவைத்து, அக்காவோ தங்கையோ இடது கை சுண்டுவிரலால் அவன் நெற்றியில் சந்தனம் வைப்பாள். எமன் வாசலில் முள் விழட்டும், என் அண்ணனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று மந்திரம் மாதிரி ஒன்றைச் சொல்வாள். மூன்று முறை வைத்துவிட்டால் முடிந்தது. சொந்தத் தம்பி இல்லாதவர்கள் இப்படி வைத்து ஏற்படுத்திக்கொண்ட உறவு இந்த ஊரில் சொந்தத்தைவிடக் கெட்டி. கோர்ட்டுக்குப் போனாலும் அவிழாது.

இதெல்லாம் இங்கேயே பிறந்த என் தம்பிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் என்ன சொன்னான் தெரியுமா? "நிச்சயமா! கட்டாயம் வரேன்!" யார் எதற்குக் கூப்பிட்டாலும் அவன் வாய் அதைத்தான் சொல்லும். எலியும் பூனையும் கூப்பிட்டாலும் நிச்சயமா, கட்டாயம்.

"ஜுரம்னு சொல்லிடு" என்றேன்.

"அவ அம்மா ரெண்டு நாளா அழறாளாம்க்கா. பாயசத்துக்குப் புது வெல்லம் சொல்லியிருக்காளாம்."

"அப்போ போய் நெத்தியைக் காமி. தம்பியாயிட்டு வா."

இவர் பேப்பரை மடித்தார். "சொல்லிட வேண்டியதுதானே" என்றார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் என்னிடம் எதையும் சொல்லாத மனுஷர், சொல்லிவிடு என்று ஊருக்கு உபதேசம் செய்தார். ஆனாலும் அவர் சொன்னதுதான் சரி, அதனால் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

நானும் அவனோடு போனேன். ஸ்மிதாவின் வீடு ராஷ்பிஹாரி பக்கம் ஒரு சந்தில், தரைத் தளம். பருத்திப் புடவை, நரைத்த முன்மயிரை மறைக்காத முகம், பார்த்தவுடன் எனக்குப் பிடித்துவிட்டது. ஜெய்ராம் உள்ளே நுழைந்ததும் அவள் அம்மாவிடம் உட்கார்ந்து முழங்காலைப் பற்றி இருபது நிமிஷம் பேசினான். மாஷிமா புடவையைச் சற்றுத் தூக்கி வீக்கத்தையே காட்டிவிட்டார். யாரைப் பார்க்க வந்தோமோ அவளைத் தவிர மற்ற எல்லோரோடும் பேசுவது அவன் வழக்கம். ஒன்பது வீட்டில் பார்த்த கூத்து பத்தாவதிலும் நடக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கூப்பிட்டார்கள். தரையில் பூ வேலை செய்த ஆசனம். எதிரில் விளக்கு, அருகம்புல், நெல், கிண்ணத்தில் அரைத்த சந்தனம். பெரிய தட்டில் பூரியும் கத்தரிக்காயும், இன்னொரு தட்டில் இந்த ஊர்க்காரர்கள் உயிரை விடுகிற சந்தேஷ் இனிப்பு அடுக்கி வைத்திருந்தது. மாஷிமா சங்கை எடுத்துக்கொண்டு தயாராக நின்றார். ஜெய்ராம் போய் ஆசனத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது.

நான் வேண்டிக்கொள்ளாத தெய்வம் இல்லை. இப்போது சொல்லாவிட்டால் இவன் சாகும்வரை ஊரார் முழங்காலைப் பற்றிப் பேசிக்கொண்டே தனியாகக் கிடப்பான் என்று எனக்குத் தெரிந்தது. நானாவது எழுந்து சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் அவன் சொல்ல வேண்டியதை நான் சொல்லி என்ன பிரயோஜனம்?

ஸ்மிதா சுண்டுவிரலைச் சந்தனத்தில் தொட்டு அவன் நெற்றிக்குக் கொண்டுபோனாள். அவன் தலையைப் பின்னுக்கு இழுத்தான். சந்தனம் மூக்கு நுனியில் பட்டது. அவள் சிரித்துவிட்டு மறுபடி விரலைத் தொட்டாள். அவன் மறுபடி இழுத்துக்கொண்டான்.

"ஸ்மிதா" என்றான். அதோடு நின்றான். தி வரவில்லை. "வேண்டாம்."

மாஷிமா சங்கை வாயிலிருந்து எடுத்து, "ஊதவா, வேண்டாமா?" என்று கேட்டார்.

ஸ்மிதா அவனையே பார்த்தாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. புரிந்துவிட்டது என்று தெரிந்தது. எழுந்து போங்கள் என்று சொல்லிவிட்டால் இவனுக்கு நாளைக்கு அந்த ஆட்டோவும் இல்லை. அவள் கிண்ணத்தை நங்கென்று கீழே வைத்தாள்.

"சந்தனம் அரைக்கறதுக்கு முன்னாடி இதைச் சொல்ல முடியாதா உங்களுக்கு?" கோபமாகத்தான் கேட்டாள். "விடிகாலையிலேருந்து அரைக்கறேன்."

"தப்புதான்" என்றான் ஜெய்ராம்.

"ரெண்டு வருஷமாச்சு. என் அம்மா முழங்கால் உங்களுக்குத் தெரியும். என் புருஷன் குறட்டை தெரியும். என்கிட்ட எல்லாத்தையும் கேட்டீங்க. உங்களைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? லிஃப்ட். அவ்வளவுதான். நான் எதைத் தெரிஞ்சுகிட்டு என்ன பதில் சொல்றது?"

அவன் மாஷிமாவைத் திரும்பிப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"முதல்ல அந்த ஆசனத்தை விட்டு எழுந்திருங்க. அது சகோதரங்க உட்கார்ற இடம்." ஓரமாகக் கிடந்த நாற்காலியைக் காட்டினாள். "அங்க உட்காருங்க. ஒரு விஷயம் சொல்லுங்க. உங்களைப் பத்தி. யார் கதையும் வேண்டாம்."

அவன் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தான். மூக்கில் சந்தனம் அப்படியே இருந்தது. யோசித்தான். ஆபீஸ், அம்மா, எங்கள் பழைய ஃப்ளாட் என்று எதையாவது பெரிதாக ஆரம்பிப்பான் என்று நினைத்தேன். அவன் தட்டைப் பார்த்தான்.

"எனக்கு சந்தேஷ் பிடிக்காது" என்றான். "சின்ன வயசுலேருந்தே பிடிக்காது. யார்கிட்டயும் சொன்னதில்லை."

மாஷிமா சங்கை மேஜைமேல் வைத்துவிட்டார். வங்காளத்தில் ஒருவர் வாயால் இப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை போலிருக்கிறது. எனக்கு மட்டும் வேறு காரணம். அவன் பிறந்த நாளைக்கு ஒவ்வொரு வருஷமும் நான்தான் அரை கிலோ சந்தேஷ் வாங்கிக்கொண்டு போவேன், என் எதிரிலேயே இரண்டு எடுத்துச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறதே அக்கா என்பான். நாற்பத்தாறு வருஷமாக நான் அவனுக்கு அக்கா. எனக்கு இது தெரியாது. யாரும் அவனிடம் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அந்த வீட்டில் எல்லோருக்கும் நடுவில் எனக்கு அழுகை வந்தது.

ஸ்மிதா சந்தேஷ் தட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். இன்னொரு நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். விரலில் இருந்த சந்தனத்தைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றாள்.